தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குச் செல்லும் சிறு மரக்கலம் பாம்பன் கால்வாயைக் கடந்துவிடும்; பெருங்கப்பலோ, அங்கே ஆழம் போதாமையால், இலங்கையைச் சுற்றியே போகவேண்டும்.

இதைக் கணிப்பொறிக்கு உணர்த்துவது எங்ஙனம்? துறைமுகங்களையும் வழியிலுள்ள திருப்பங்களையும் புள்ளிகளாக்கி, கடல்வழிகளைக் கோடுகளாக்கி, ஒவ்வொரு கோட்டின்மீதும் அதன் தொலைவை எழுதுகிறோம். கோட்டுரு என்பது இதுதான். கோனிக்ஸ்பர்க் நகரத்து 7 பாலங்களைப் பற்றி 1736இல் ஆய்லர் ஆராய்ந்ததும் இத்தகைய புள்ளி, கோட்டுக் கணக்கே.

டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட முறைப்படி, கணிப்பொறி புறப்பட்ட இடத்துக்கு மிக அண்மையிலுள்ள புள்ளியை முதலில் உறுதிசெய்யும். அதன் வழியே போனால் அண்டைப் புள்ளிகளின் தொலைவு குறைகிறதா என்று பார்த்து, அடுத்த அண்மைப் புள்ளியை நாடும். சென்னை உறுதியாகும்வரை இப்படியே.

ஆனால் பெருங்கப்பலுக்காகக் கணக்கிடுங்கால் பாம்பன் கோட்டை முன்னரே அழித்துவிடவேண்டும். மறந்தால், கணிப்பொறி பிழையின்றிக் கணக்கிட்டே கப்பலைத் தரைதட்டும் வழியில் அனுப்பிவிடும். மரக்கலத்துக்கு அக்கோடு இருக்கட்டும்.