ரசீதின் கடைசி இரண்டு வரிகள்

சிக்கனம் என்றதும் பலரும் மின்விசிறியைத்தான் அணைக்கிறார்கள். வார இறுதி உணவக ரசீதை உற்றுப் பார்ப்பவர் குறைவு. சிங்கப்பூரில் பல உணவகங்கள் 100 வெள்ளிச் சாப்பாட்டுக்கு முதலில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்க்கின்றன. அந்த 110 வெள்ளிமீது, 2024 முதல் 9 விழுக்காடாகிவிட்ட பொருள் சேவை வரி. ஆக, கொடுப்பது 119 வெள்ளி 90 காசு. மாதம் நான்கு முறை போனால் இந்தக் கூடுதல் மட்டுமே ஏறக்குறைய 80 வெள்ளி! சம்பளத்துக்கு முந்திய வாரம் கடன்பற்று அட்டையை நீட்டும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகையா?

தேக்கா சந்தையில் மீனும் கீரையும் வாங்கிச் சமைத்தால் சேவைக் கட்டணம் கேட்க ஆளில்லை; பாத்திரம் கழுவத்தான் ஆள் வேண்டும். பொழுதுபோக்கும் அப்படியே. எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தோடு போனால் பூமலையில் பிள்ளைகளுக்கு அரைநாள் கழியும். அங்கே ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே கட்டணம்.