அழைப்பு வராத விண்ணப்பங்கள்: ஆய்வுகள் சொல்வதும் சட்டம் சொல்லாததும்

பட்டம் முடித்த நம் பெண்பிள்ளை ஒருத்தி இருபது, முப்பது நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கிறாள். ஓர் அழைப்பும் இல்லை. மதிப்பெண் போதவில்லையா, ஆங்கிலம் சரியில்லையா, பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிட்டார்களா? அவளால் தெரிந்துகொள்ள முடியாது. மறுப்பவர்கள் காரணம் சொல்வதில்லை. வீட்டில் "இதற்குத்தான் இவ்வளவு படிக்க வேண்டாம் என்றோம்" என்ற பேச்சு வேறு தொடங்கிவிடும்.

ஒருவர் தனியாகக் கண்டுபிடிக்க முடியாத இதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்களிடம் எளிய வழி ஒன்று உண்டு. படிப்பும் திறமையும் ஒன்றாக இருக்கும் இரண்டு விண்ணப்பங்களைத் தயாரிப்பார்கள். பெயர் மட்டும் வேறு. இரண்டையும் ஒரே வேலைக்கு அனுப்பி, யாருக்குப் பதில் வருகிறது என்று எண்ணுவார்கள்.

'லெட் பை' அறக்கட்டளை 2022-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையைச் சேர்ந்தது. ஹபீபா அலி, பிரியங்கா சர்மா என்ற இரண்டு கற்பனைப் பெயர்களில், 1000 தொடக்கநிலை வேலைகளுக்குப் பத்து மாதங்களில் 2000 விண்ணப்பங்கள் போயின. பிரியங்காவுக்கு 208 சாதகமான பதில்கள் வந்தன, ஹபீபாவுக்கு 103. பாதிக்கும் குறைவு! இது வடநாட்டுக் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. தென்னிந்தியாவில் இந்த இடைவெளி வடக்கைவிட அதிகமாகவே இருந்தது.

இது புதிய செய்தியும் அல்ல. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்சாதி இந்துப் பெயருடன் ஒப்பிட்டால் முஸ்லிம் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு.

சரி, வழக்குப் போடலாமே என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். அரசியல் சட்டத்தின் 15-வது, 16-வது பிரிவுகள் மதத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் அரசைத்தான் கட்டுப்படுத்துகின்றன. கடை, உணவகம் போன்ற இடங்களில் நுழைவதைத் தடுக்கக் கூடாது என்பது 15(2)-இல் இருக்கிறது. தனியார் நிறுவனம் ஆள் எடுப்பது அதில் இல்லை. வீட்டு விஷயத்திலும் இதே நிலை. அகமதாபாத்தில் பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்க்கும் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது.

தனியாருக்குச் சட்டம் போடவே முடியாதா என்றால், முடியும். எச்.ஐ.வி. பாதித்தோருக்காக 2017-லும், திருநங்கையர், திருநம்பியருக்காக 2019-லும் வந்த சட்டங்கள் தனியார் வேலையிலும் பாகுபாட்டைத் தடை செய்கின்றன. மதத்துக்கும் சாதிக்கும்தான் அப்படியொன்று வரவில்லை. 2006-இல் சச்சார் குழு சம வாய்ப்பு ஆணையம் அமைக்கச் சொன்னது. மாதவ மேனன் தலைமையிலான நிபுணர் குழு 2008-இல் அதற்கு வடிவமும் கொடுத்தது. ஆணையம் மட்டும் வரவில்லை.

சட்டம் வந்தாலும் நிரூபிக்கும் சுமை யார் மேல் என்பது முக்கியம். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில், பாகுபாடு நடந்திருக்கலாம் என்று நினைக்கப் போதிய விவரங்களைப் பாதிக்கப்பட்டவர் முன்வைத்துவிட்டால், அப்படி நடக்கவில்லை என்று காட்ட வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பாகிவிடும். காரணம் சொல்லாமல் மறுக்கும் உலகில், இந்த ஒரு விதி இல்லாத சட்டம் நமக்கு அதிகம் உதவாது என்பதே என் கருத்து.

நீதிமன்றங்கள் பற்றியும் ஓர் ஆய்வு இருக்கிறது; நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாக அது பேசுகிறது. 2010 முதல் 2018 வரையிலான 50 லட்சத்துக்கும் மேற்பட்ட குற்ற வழக்குகளை எலியட் ஆஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவரும் நீதிபதியும் ஒரே மதத்தவராக இருப்பதால் முடிவு மாறுவதாகத் தெரியவில்லை. நமக்குப் பிடித்ததைச் சொல்லும் ஆய்வை மட்டும் பகிர்வது சரியல்ல என்பதால் இதையும் சொல்கிறேன். ஆனால் இந்த ஆய்வு வழக்கு நீதிபதியின் மேசைக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றியது. கைது, காவல், ஜாமீன் ஆகியவற்றில் நடப்பதை அது அளக்கவில்லை. 2019-இல் நாட்டின் விசாரணைக் கைதிகளில் 18.7 சதவீதம் பேர் முஸ்லிம்கள். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் நம் பங்கு 14.2 சதவீதம். வறுமையும், நேரத்தில் வழக்கறிஞர் கிடைக்காததும் இதில் சேர்ந்தே இருக்கும்.

நேரத்தில் வழக்கறிஞர் கிடைக்க இன்றைக்கே ஒரு வழி உண்டு. 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்போர் உள்ளிட்ட சில வகையினர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் பெறலாம். மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. ஜீவனாம்சமோ, சொத்துப் பங்கோ, காவல் நிலையம் புகாரை வாங்க மறுப்பதோ, எதுவானாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். மதத்தைக் காரணமாகக் காட்டி வேலையோ வீடோ மறுக்கும் விளம்பரம், குறுஞ்செய்தி, மின்னஞ்சல் எது வந்தாலும் அழித்துவிடாமல், தேதி தெரியும்படி எடுத்து வைத்துக்கொண்டு அங்கே போங்கள்.