இரண்டு மதிப்பெண்ணில் அடங்காத பதினேழாவது பிரிவு

கல்லூரி முதலாண்டில் இந்திய அரசமைப்பையும் அரசியலையும் பயிலும் மாணவர்கள் தவறாமல் மனப்பாடம் செய்யும் விடைகளுள் ஒன்று: ‘தீண்டாமையை ஒழிப்பது அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு.’ இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவு போதும். ஆனால் அவ்விடையை எழுதிவிட்டு ஊர் திரும்பும் தலித் மாணவர் ஒருவர், தம் ஊரின் தனிச் சுடுகாட்டுப் பாதையைக் கடந்தே வீடு சேர்கிறார். ஒழிக்கப்பட்டதாகத் தேர்வில் எழுதிய ஒன்று கண்முன்னே நிற்கிறது. இந்த முரணுக்கான விளக்கம் பாடநூலில் இல்லாமலில்லை. அடிப்படை உரிமைகள், நாடாளுமன்றம், நீதித்துறை, கூட்டாட்சி, தேர்தல், உள்ளாட்சி எனத் தனித்தனி அத்தியாயங்களில் அது சிதறிக் கிடக்கிறது. அவற்றை ஒன்றாகக் கோத்துப் படிப்பதற்கு ஒரு நூல் தேவை. பட்டியல் சாதிகள் மற்றும் பட்டியல் பழங்குடிகள் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம், 1989 அத்தகைய நூலாக அமையும் என்று நாம் கருதுகிறோம். அந்த ஒரு சட்டம் சென்ற வழியெல்லாம் சென்றால், இந்திய அரசு இயங்கும் முறை முழுவதையும் கண்டுவிடலாம்.

உரிமை எவ்வாறு சட்டமாகிறது?

17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. அதனை எவ்வடிவில் கடைப்பிடிப்பதையும் தடை செய்கிறது. தீண்டாமையின் பெயரால் ஒருவர்மீது இயலாமையைச் சுமத்துவது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. ஆயினும் என்ன தண்டனை என்பதை அப்பிரிவு கூறுவதில்லை. அதற்குத் தனிச் சட்டம் வேண்டும். அச்சட்டத்தை இயற்றும் அதிகாரத்தை 35ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு மட்டுமே வழங்குகிறது. மாநிலச் சட்டமன்றங்களுக்கு அவ்வதிகாரம் இல்லை.

அரசமைப்புச் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955இல் இயற்றப்பட்டது. 1976இல் அது திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரைப் பெற்றது. கோயில், கிணறு, கடை, உணவகம் ஆகியவற்றில் நுழைவை மறுப்பது போன்ற செயல்களையே அச்சட்டம் முதன்மையாகக் கருதியது. உரிமை கோரிய மக்கள்மீது ஏவப்பட்ட கொலை, தீவைப்பு, பாலியல் வன்முறை, நிலப்பறிப்பு ஆகியவற்றை எதிர்கொள்ள அது போதவில்லை. ‘வன்கொடுமை’ என்பதைத் தனிக் குற்றவகையாகச் சட்டம் ஏற்பதற்கு 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. அரசமைப்பின் வாக்குறுதிக்கும் அதனை நிறைவேற்றும் சட்டத்துக்கும் இடைப்பட்ட அந்த ஆண்டுகளே ‘அடிப்படை உரிமைகள்’ அத்தியாயத்தின் முதற்பாடம்.

சட்டம் தில்லியில், காவல் நிலையம் ஊரில்

அடுத்தது கூட்டாட்சி. ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் பொது ஒழுங்கும் காவல்துறையும் இடம்பெறுகின்றன. ஆகவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம் என்றாலும், முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்வது மாநில அரசின் காவல் நிலையம். 1995ஆம் ஆண்டின் விதிகளின்படி, துணைக் காவல் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத அலுவலரே புலனாய்வு செய்ய வேண்டும். மாநில அளவில் முதலமைச்சர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இருமுறையாவது கூட வேண்டும். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையிலான குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும்.

கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சாராத அரசு ஊழியருக்குச் சட்டத்தின் 4ஆவது பிரிவு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. குற்றவாளியை மட்டுமின்றி அரசு இயந்திரத்தையும் ஐயத்தோடு நோக்கும் சட்டம் இது. சாதியச் சமூகத்திலிருந்தே அலுவலர்களும் வருகின்றனர் என்ற அறிதல் அதில் பொதிந்துள்ளது. ‘நிர்வாகத்துறை நடுநிலையானது’ என்ற பாடநூல் வரியை இச்சட்டத்தோடு சேர்த்துப் படித்தல் நன்று.

மூன்று துறைகளும் ஒரு தெருவும்

அதிகாரப் பிரிவினையை விளக்க 2018ஆம் ஆண்டைவிடப் பொருத்தமான சான்று அரிது. அவ்வாண்டு மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுவதாகக் கூறிப் புதிய நெறிமுறைகளை விதித்தது. வழக்குப் பதிவுக்கு முன் தொடக்க விசாரணை நடத்தலாம். கைது செய்வதற்கு மேலதிகாரிகளின் ஒப்புதல் வேண்டும். முன்பிணைக்கான தடையும் முழுமையானதன்று என்பன அவற்றின் சாரம். ஏப்ரல் 2 அன்று தலித் அமைப்புகள் நாடு தழுவிய முழு அடைப்பை நடத்தின. வட மாநிலங்களில் உயிர்கள் பறிபோயின. ஒன்றிய அரசு மறுஆய்வு மனு அளித்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18அ என்ற பிரிவைச் சேர்த்து, தொடக்க விசாரணையும் முன் ஒப்புதலும் தேவையில்லை என்று உறுதி செய்தது. 2019 அக்டோபர் 1 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு முந்தைய நெறிமுறைகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் சட்டத்திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நீதித்துறை, நிர்வாகத்துறை, சட்டமன்றத்துறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்திச் சமன்படுத்துகின்றன என்பது பாடம். அந்தச் சமன்பாட்டை இயக்கிய விசை தெருவில் திரண்ட மக்களிடமிருந்து வந்தது என்பது, தேர்வுத்தாளில் இடம்பெறாத, ஆயின் மறக்கக் கூடாத பகுதி.

உள்ளே இருப்பவர் யார்?

நாடாளுமன்றம் அவ்வாறு அசைந்ததற்குப் பிரதிநிதித்துவமும் ஒரு காரணமா? இவ்வினா நம்மைத் தேர்தல் அத்தியாயத்துக்கு இட்டுச் செல்கிறது. மக்களவையின் 543 தொகுதிகளில் 84 பட்டியல் சாதிகளுக்கும் 47 பட்டியல் பழங்குடிகளுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. மாநிலங்களவையில் இத்தகைய ஒதுக்கீடு இல்லை. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனங்களிலும் இல்லை. குடியரசாகி முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1980இல், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ. வரதராஜன் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானார்.

தனித்தொகுதியின் வரலாறும் தெளிவாக அறியத்தக்கது. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட வகுப்பினர் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் தனிவாக்காளர் தொகுதியை வழங்கியது. காந்தியின் உண்ணாவிரதத்தைத் தொடர்ந்து செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாணச் சட்டமன்றங்களில் இடங்களின் எண்ணிக்கை 71இலிருந்து 148 ஆக உயர்ந்தது. தனிவாக்காளர் முறை கைவிடப்பட்டது. இன்றைய தனித்தொகுதியில் வேட்பாளர் தலித்தாக இருக்க வேண்டும். வாக்காளர் அனைவரும் வாக்களிப்பர். தலித் அல்லாதாரே பெரும்பான்மையாக வாழும் தொகுதியில் வெற்றி பெற்றவர் யாருக்குக் கடமைப்பட்டவர் ஆகிறார்? அண்ணல் அம்பேத்கர் எழுப்பிய இவ்வினா இன்னும் விடை பெறவில்லை.

நாற்காலியும் கதவும்

உள்ளாட்சியில் இவ்வினா உயிர்விலை கேட்டது. 73ஆவது திருத்தத்தின் வழி வந்த 243ஈ பிரிவு, ஊராட்சித் தலைவர் பதவிகளில் பட்டியல் சாதிகளுக்கு இடம் ஒதுக்கியது. மதுரை மாவட்டத்தின் மேலவளவு ஊராட்சி அவ்வாறு ஒதுக்கப்பட, முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று அவரும் அவருடன் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில், தேர்தல் நடத்த இயலாமலும், வென்றவர் உடனே விலக நேர்ந்தும் 1996 முதல் பத்தாண்டுகள் கழிந்தன. 2006இல்தான் தலைவர்கள் பொறுப்பேற்றுப் பணியாற்ற முடிந்தது. அரசமைப்பு ஒரு நாற்காலியை ஒதுக்கலாம். அந்நாற்காலி இருக்கும் அறையின் கதவைத் திறந்து வைப்பதற்கு, அதே அரசமைப்பின் பிற உறுப்புகள் அனைத்தும் இயங்க வேண்டும்.

ஒரு பயிற்சி

ஆகவே மாணவத் தோழர்களுக்கு நாம் முன்வைப்பது இது. ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் மூன்று வினாக்களை எழுதுங்கள்: இந்த நிறுவனத்துக்குள் நுழைய எவருக்கு இயல்கிறது? அதன் கடமை எவ்விதியில் எழுதப்பட்டுள்ளது? அக்கடமை தவறினால் எங்கே முறையிடுவது?

நிர்வாகத்துறை அத்தியாயத்தை முடித்ததும், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படியான மாவட்டக் குழு கடந்த ஆண்டு எத்தனை முறை கூடியது, எந்தெந்தத் தேதிகளில் கூடியது என்று கேட்டு, கூட்டக் குறிப்புகளின் நகலையும் கோருங்கள். மனுவுக்கு முப்பது நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்கிறது சட்டம். குறைந்தது நான்கு தேதிகள் வர வேண்டும். வந்தால், அக்குறிப்புகளில் உங்கள் ஊரின் வழக்கு பேசப்பட்டதா என்று பாருங்கள். வராவிட்டால், முதல் மேல்முறையீட்டை எழுதத் தொடங்குங்கள். அவ்வாண்டுத் தேர்வில் பதினேழாவது பிரிவைப் பற்றிய வினா வரும்போது, அதற்கு எத்தனை மதிப்பெண் என்பதைப் பொருட்படுத்தாமல் எழுத உங்களிடம் நிறைய இருக்கும்.