முரண்நகையும் மாந்தர் உணர்வும்

இலக்கிய வகுப்பில் முரண்நகையைக் கற்பிக்கும்போது புறநானூற்றின் 95ஆம் பாடலை எடுத்துக்கொள்வது நம்மிடையே வழக்கம். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் உள்ளன. அதியமான் நெடுமான் அஞ்சியின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. ‘வஞ்சப்புகழ்ச்சி’ என்று மாணவர் எழுதியவுடன் மதிப்பெண் அளித்து அடுத்த பாடலுக்குச் சென்றுவிடுகிறோம். தண்டியலங்காரம் இதனை இலேச அணியுள் அடக்கும் என்பதையும் சிலர் சேர்த்துரைப்பர். பெயர் கூறிய அளவில் பாடல் விளங்கிவிட்டதாகக் கொள்ளலாமா?

பாடலுக்குள் பழிப்புச் சொல் ஒன்றுமில்லை. தொகுத்தோர் இதனைப் பாடாண் திணையில் வாண்மங்கலத் துறையாகவே வகுத்துள்ளனர். பாடலைத் தொடரும் பழங்குறிப்பை மறைத்துவிட்டுப் படித்தால், அஞ்சியின் வேலைப் புகழும் பாட்டாகவே இது தோன்றும். தூது சென்ற ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்னும் செய்தி கிடைத்த பின்னரே புகழ்ச்சி பழிப்பாக மாறுகிறது. எனவே, அக்குறிப்பின்றி ஒருமுறையும் அதனோடு ஒருமுறையும் பாடலை வாசிக்கச் செய்தல் நற்பயன் தரும்.

இனி, ஔவையின் உள்ளம். அவர் மாற்றரசன் முன்னிலையில் நிற்கும் தூதர். வெளிப்படையாக இகழ்ந்தால் தூது முறியும். மனமாரப் புகழ்ந்தால் தம் தலைவனைக் கைவிட்டவராவார். உள்ளபோது பிறர்க்கு உணவளித்து, இல்லாதபோது இருப்பதை அவரோடு உடனிருந்து உண்பவன் அதியமான் என்று பாடலின் பிற்பகுதி கூறுமிடத்து முரண் ஏதுமில்லை, அன்பே உள்ளது. எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை மட்டுமே இப்பாடலுக்கு உரித்தாக்குவது குறையுடையது. அடியில் ஓடுவது பெருமிதம் என்பதே நம் கருத்து. தொண்டைமான் நாணினானா? பாடல் கூறவில்லை. நாணினான் என்று எழுதும் மாணவரிடம் அஃது ஊகம் என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

சிறுகதையில் இடர்ப்பாடு வேறு வகையினது. புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ (1934) தலைப்பிலேயே முரண் கொண்டது. காயமுற்றுக் கிடக்கும் கணவன் பால்கஞ்சிக்கு ஆசைப்பட, ஆலைக்கூலியான அம்மாளு இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் ஈட்டுகிறாள். அவள் மனத்தில் ஓடியதைப் பற்றி ஆசிரியர் மிகக் குறைவாகவே பேசுகிறார். கதைசொல்லியின் ஏளனமோ கற்பைப் பற்றி வாய் ஓயாது பேசுவோரை நோக்கியது. இதனை உணராத மாணவர் ‘ஆசிரியர் அம்மாளுவை எள்ளுகிறார்’ என எழுதிவிடுவர். ஒரு பெண்ணின் துயரத்தை நேர்மாறாகப் படித்த பிழை இது. அணியின் பெயரைக் கேட்கும் வினாவில் இப்பிழை வெளிப்படுவதில்லை.

நகைப்பவர் யார், யாரை நோக்கி நகைக்கிறார், அவ்வேளையில் வாய் திறவாமல் நிற்பவர் யார் என்று வினவிப் பார்க்கலாம். புறப்பாடலில் அவ்வாறு நிற்பவன் நகைப்புக்கு இலக்கான தொண்டைமான். ‘பொன்னகர’த்தில் அந்நகைப்புக்குச் சற்றும் உரியவளல்லாத அம்மாளு.