கிட்டங்கிக்குள் எலி: கொல்வதைவிட வழியை அடைப்பதே லாபம்

வருடக் கணக்கு முடிக்கும்போது நம்மில் பலர் "எடைக் குறைவு" என்று ஒரு தொகையை எழுதி மூடிவிடுகிறோம். சரக்குக் காய்ந்ததால் குறைந்தது போக, மீதி எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. அதில் ஒரு பங்கு எலியின் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

வளர்ந்த எலி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம் தானியம் தின்னும். கிட்டங்கியில் 20 எலி இருந்தால் ஒரு நாளைக்கு அரைக் கிலோ, வருடத்துக்கு 180 கிலோவுக்கு மேல். தின்பதாவது கணக்கில் அடங்கும். புழுக்கை, மூத்திரம், முடி ஆகியவற்றால் கெடுவது அதைவிட அதிகம். கிழிந்த சாக்கில் கொட்டியது தனி. எலியின் மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவும். மூட்டை தூக்கும் தொழிலாளிக்கே முதல் ஆபத்து. 2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற ஒவ்வொருவரும் எலி, பூச்சி அண்டாமல் இடத்தை வைத்திருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடலாகாது.

எப்போது வருகிறது?

தை, மாசியில் அச்சங்குளம், ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கரிசல் காடுகளில் அறுவடை முடிந்து நிலம் வெறுமையாகிறது. காட்டில் தீனி தீர்ந்ததும் எலி களத்தையொட்டிய தானிய அறைக்குள்ளும் மாட்டுக் கொட்டகைக்குள்ளும் நுழைகிறது. அங்கிருந்து மக்காச்சோளமும் பயறும் நம்மிடம் வரும்போது சுண்டெலி மூட்டையோடு மூட்டையாக லாரியேறி வந்துவிடும். ஆகவே கிட்டங்கியைச் சரிபார்க்க உகந்த காலம் மார்கழி. சரக்கு குறைவாக இருக்கும். சுவர் கண்ணுக்குத் தெரியும்.

பென்சில் சோதனை

ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருந்தால் சுண்டெலி நுழையும். பெருவிரல் நுழைந்தால் வீட்டெலியும் நுழையும். ஷட்டரின் அடி, கதவு நிலையின் மூலை, தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் சுவரைத் துளைக்கும் இடம், கூரைத் தகரத்தின் மடிப்பு, சாக்கடை வாய் ஆகிய இந்த ஐந்தையும் பென்சிலும் கையுமாகச் சுற்றிப் பாருங்கள்.

ஓட்டையைத் துணியாலும் மரத்துண்டாலும் அடைப்பது வீண். எலியின் முன்பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். சிமெண்ட் சாந்தில் உடைந்த கண்ணாடித் தூளைக் கலந்து அடைக்க வேண்டும். மரக்கதவின் அடியில் ஓர் அடி உயரத்துக்குத் தகரம் அடிக்கவும். சன்னலுக்கும் காற்றுத் துவாரத்துக்கும் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை போதும். சுவரையொட்டிய மரக்கிளையை வெட்டிவிடவும். வீட்டெலிக்கு அதுவே ஏணி.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். கரிசல் காட்டு வீடுகளில் மண் குலுக்கையைக் கல்லின் மேல் தூக்கி வைத்து, வாயை மூடி மண் பூசினார்கள். இன்று அரசுக் கிட்டங்கிகளில் தரையிலிருந்து சுமார் மூன்று அடிக்கு மேடை எழுப்புவதும் ஏறக்குறைய அதே யோசனைதான்.

உள்ளே செய்ய வேண்டியது

அட்டியைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். இரண்டடி விட்டு, மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள்; துடைப்பமும் மனிதரும் சுற்றிவர வேண்டும். எலி சுவரோரமாகவே ஓடும். அந்த ஓரம் வெளிச்சமாகவும் சுத்தமாகவும் இருந்தால் தங்காது. காலிச் சாக்குக் குவியல்தான் குட்டி போடும் இடம். கர்ப்பம் மூன்று வாரம்தான். ஒரு மாதம் ஏமாந்தால் ஒரு குடும்பம் பெருகிவிடும்.

எலி இருக்கிறதா என்று ஐயமிருந்தால் இரவில் சுவரோரம் சிறிது மாவைத் தூவிவிட்டுக் காலையில் காலடியைப் பாருங்கள். வெளியே வளை இருந்தால் மாலையில் மண்ணால் மூடுங்கள். காலையில் திறந்திருக்கும் வளையில்தான் எலி குடியிருக்கிறது.

பொறி வைப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. எலி புதிய பொருளைக் கண்டால் இரண்டு மூன்று நாள் கிட்ட வராது. முதலில் பொறியைப் பூட்டாமல் மசால் வடையோ கருவாடோ வைத்துத் தின்னப் பழக்குங்கள், பிறகு பூட்டுங்கள். ஒன்றிரண்டு போதாது, ஒரே இரவில் பத்துப் பொறியாவது வைக்க வேண்டும்.

மருந்தை நம்பலாமா?

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல என்பார்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் குளிர்சாதனம் போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தன. கடைக்கு மேலேயே குடியிருக்கும் நம்மவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்துள்ளது; அதைத் தின்றால் ஈரல் கெடும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டதும் நச்சுவாயுவை விடும். அந்த வாயு தீப்பிடிக்கவும் கூடும். பட்டாசுச் சரக்கோ மருந்துப் பொருளோ உள்ள இடத்தில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. தேவைப்பட்டால் பயிற்சி பெற்று உரிமம் உள்ளவரைக் கொண்டே செய்ய வேண்டும். புரோமடியோலோன் கட்டி தின்ற எலி சில நாள் கழித்தே சாகும். அதனால் மற்ற எலிக்குச் சந்தேகம் வராது. அதையும் பூட்டிய பெட்டிக்குள், தானியத்துக்கு எட்டாத இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும். செத்த எலியைக் கையுறை போட்டு எடுத்து ஆழப் புதைக்கவும். புழுக்கையை உலர்வாகப் பெருக்காமல், பிளீச்சிங் தண்ணீர் தெளித்துத் துடைக்கவும்.

வழியை அடைக்காமல் எலியைக் கொன்றால், காலியான இடத்துக்கு வெளியில் உள்ளது குடிவரும். அடுத்த மாதமும் மருந்துச் செலவு. அடைத்துவிட்டுப் பிடித்தால் செலவு ஒரு முறைதான். இந்த மார்கழியில் ஒரு மூட்டை சிமெண்டும் ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலியும் செலவிடுங்கள். அடுத்த வருடக் கணக்கில் "எடைக் குறைவு" குறைகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.