அடுப்பை மூட்டுங்கள், அடுத்த வீட்டாரை அழையுங்கள்!

நெய்வேலி என்றால் நிலக்கரி. இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கரி மின்சாரமாக மாறி ஊரெங்கும் விளக்கு எரிந்த கதையும் தெரியும். ஆனால் அதே கரி வீட்டு அடுப்புக்குள் வந்து சோறு ஆக்கியது, கத்தரிக்காய் சுட்டது. அந்தக் கதையைச் சொல்வோர் குறைவு. சுவையான கதை அதுதான்!

தண்ணீர் தேடினார், கரி வந்தது!

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீரோடு கறுப்பாக ஒரு பொருளும் வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957-ம் ஆண்டு மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் மண்ணுக்கு அடியில் இருந்த கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது.

வேலை வந்தது, ஆட்களும் வந்தார்கள். தஞ்சாவூர்க்காரர் வந்தார். திருநெல்வேலிக்காரர் வந்தார். மலையாளிகளும் ஆந்திரர்களும் வட நாட்டாரும் வந்தார்கள். ஊரை வட்டம் வட்டமாகப் பிரித்துக் குடியிருப்புகள் கட்டினார்கள். ஒரு வீட்டில் புட்டு வேகும். அடுத்த வீட்டில் கோங்குரா வதங்கும். எதிர்வீட்டில் சப்பாத்தி சுடுவார்கள். மொழி புரியாத இடத்தில் கிண்ணம்தான் முதலில் பேசியது. ஒரு வீட்டிலிருந்து குழம்போடு போன கிண்ணம் வெறுமனே திரும்புமா? திரும்பாது. அதுதானே நம் ஊர் வழக்கம்!

புகையில்லாத கரி

பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். அதை அப்படியே அடுப்பில் போட்டால் புகை கண்ணைக் கரிக்கும். ஆகவே அதை உலர்த்தினார்கள். பொடியை அழுத்திக் கட்டியாக்கினார்கள். பிறகு காற்றுப் படாமல் சூடேற்றிப் புகை தரும் பொருள்களை வெளியேற்றினார்கள். மிஞ்சிய கரிக்கட்டிக்கு ‘லெக்கோ’ என்று பெயர். நெய்வேலியில் 1960-களில் இந்தத் தொழிற்சாலை வேலை தொடங்கியது.

லெக்கோ பற்றிக்கொள்ள நேரம் ஆகும். பற்றிக்கொண்டால் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். விறகு அடுப்பின் முன்னே ஊதுகுழலோடு கண்ணீர் வடித்த பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். பின்னர் வீடு தேடி எரிவாயு வந்தது. லெக்கோ உற்பத்தியும் நின்றுபோயிற்று. ஆனால் தணலில் சுட்டதன் ருசியை நாக்கு மறக்குமா? இன்று மரக்கரி கொண்டு அதே விருந்தை நீங்களும் செய்யலாம். செலவும் அதிகம் இல்லை.

கத்தரிக்காய் கொத்சு

சிதம்பரம் பக்கத்தில் பெயர் பெற்றது இது. எட்டுப் பேருக்கு ஒரு கிலோ பெரிய கத்தரிக்காய் போதும். காய்மேல் நல்லெண்ணெய் தடவுங்கள். கத்தி நுனியால் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிடுங்கள்; இல்லாவிட்டால் வெடிக்கும். தணலில் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். தோல் கருகி, உள்ளே குழைந்ததும் எடுத்து, தோலை உரித்து மசியுங்கள்.

வற்றல் மிளகாய், கொத்தமல்லி விதை, கடலைப்பருப்பு மூன்றையும் வறுத்துப் பொடியுங்கள். நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, சின்ன வெங்காயம் வதக்கி, புளித்தண்ணீர் விட்டுக் கொதிக்க வையுங்கள். பச்சை வாடை போனதும் மசித்த காயும் பொடியும் உப்பும் சேர்த்து இறக்குங்கள். மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்து, நெய்யும் உப்பும் விட்டுப் பிசைந்த சம்பா சாதத்துக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. இட்லிக்கும் ஏற்றது.

பலாக்கொட்டையும் முந்திரியும்

நெய்வேலிக்கு வடக்கே பண்ருட்டி. பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர் போன செம்மண் பூமி. கோடையில் பலாச்சுளை தின்றவர்கள் கொட்டையை எறியக்கூடாது. கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் சிறு கீறல் போட்டுத் தணலில் புதையுங்கள். கீறாவிட்டால் பட்டென்று வெடித்துச் சிதறும். வெந்ததும் மேல்தோலை உரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னலாம். வாயுத் தொல்லை உள்ளவர்கள் பிறகு சுக்குக் காப்பி குடிப்பது வழக்கம்.

ஆனால் ஓட்டோடு கூடிய முந்திரிக்கொட்டையை மட்டும் வீட்டில் சுடாதீர்கள். ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், புகையும் ஆகாது. உடைத்த பருப்பை வாங்கி நெய்யில் வறுத்துக்கொள்ளுங்கள்.

மீன் விரும்புவோருக்கு

கடலூர்க் கடல் மீன் கிடைத்தால் சங்கரா வாங்குங்கள். இரண்டு பக்கமும் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு தடவி அரைமணி நேரம் ஊறவையுங்கள். அனலில் வாட்டிய வாழையிலையில் பொதிந்து, கம்பி வலைமேல் வைத்து, இரு பக்கமும் திருப்பிச் சுடுங்கள். இலையைப் பிரிக்கும்போது வரும் மணமே பாதி வயிற்றை நிரப்பும்!

வந்தவர்களில் சைவச் சாப்பாட்டுக்காரர் இருப்பார். கத்தரிக்காயை முதலில் சுடுங்கள். மீனைக் கடைசியில் சுடுங்கள். மீனுக்குக் கம்பி வலையும் இடுக்கியும் தனியாக இருக்கட்டும். விருந்தாளி மனம் கோணாமல் சாப்பிட வேண்டும் அல்லவா?

உயிருக்கு ஒரு எச்சரிக்கை

புகை இல்லை என்பதால் கரி அடுப்பில் ஆபத்து இல்லை என்று எண்ணாதீர்கள். எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவு சன்னலைச் சாத்திய அறையில் அது ஆளையே கொன்றுவிடும். ஆகவே முற்றத்திலோ தோட்டத்திலோதான் கரி அடுப்பை மூட்ட வேண்டும். மழை வந்தாலும் உள்ளே தூக்கிக்கொண்டு போகக்கூடாது. விருந்து முடிந்ததும் தணலை நீர் ஊற்றி அணையுங்கள். சிறு பிள்ளைகளை அருகே விடாதீர்கள்.

யாரை அழைப்பது?

நெய்வேலிக்குப் பக்கத்து ஊர் வடலூர். அங்கே 1867-ம் ஆண்டு மே 23-ல் வள்ளலார் இராமலிங்க அடிகள் தருமசாலையைத் தொடங்கினார். சாதி, மதம் கேளாமல் பசித்தவர் எல்லாருக்கும் சைவ உணவு. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அணையா அடுப்பு என்றே அதற்குப் பெயர். பசித்தவன் யார் என்று அது கேட்டதில்லை. பசி உண்டா என்று மட்டுமே கேட்டது.

நெய்வேலிக்கு இதில் ஒரு பாடம் உண்டு. இந்த ஊருக்கு வேலை தேடி வந்தவர்கள் ஒரு பக்கம். சுரங்கத்துக்காகத் தங்கள் நிலத்தையும், பலா மரத்தையும், முந்திரித் தோப்பையும் விட்டு எழுந்து போன கிராமத்தார் மற்றொரு பக்கம். ஒருவருக்குச் சம்பளம் தந்த அதே மண், மற்றவருக்குப் பாட்டன் வைத்த மரத்தைப் பறித்துக்கொண்டது. அந்த இழப்பை ஒரு வேளை விருந்து ஈடு செய்துவிடாது. ஆனால் இருவரும் ஒரு பந்தியில் உட்கார்ந்தால், ஒருவர் கதையை ஒருவர் கேட்க முடியும். பலாக்கொட்டையை எப்படிச் சுடுவது என்று மண்ணின் மக்கள் சொல்லித் தருவார்கள். கேட்பதற்குக் காது வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு நல்ல நாள் பாருங்கள். உங்களுக்குப் பழக்கமான நண்பர்களை அழையுங்கள். அவர்களோடு, இதுவரை ஒரு நாளும் உங்கள் வீட்டு வாசற்படி மிதிக்காத ஒரு குடும்பத்தையும் அழையுங்கள். பாத்திரத்தில் அரிசியை ஒரு படி கூடவே போடுங்கள். கத்தரிக்காய் சுடும் வேலையை வந்தவர்களிடமே கொடுங்கள்!