செக்ரோலில் பெயர் இல்லாதவர்கள்

மலாக்கா மாநிலத்தின் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, வேலையாட்கள் கூடும் பிரட்டுக் களமும், அங்கே விடியலுக்கு முன் பெயர் கூப்பிட்ட குரலும், வருகைப் பதிவேடான செக்ரோலைப் புரட்டிச் சம்பளம் கணக்கிட்ட எழுத்தர் கிராணியாரின் மேசையும் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. 1896இல் டான் சாய் யான் என்னும் வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, பின்னர் ஆசகானில் அதைப் பெருந்தோட்டமாக விரித்த நாள் தொட்டு, பால் வெட்டும் உழைப்பு நம்மவருடையதாகவும் கணக்கு எழுதும் அதிகாரம் பிறருடையதாகவுமே இருந்து வந்தது. 1951இல் ஊழியர் சேமநிதி ஏற்பட்டபோதும், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ வந்தபோதும், சம்பளத்தில் பிடித்ததும் உரிய இடத்தில் கட்டியதும் தோட்டத்து ஆபீஸ்தான்.

அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று எவருடைய செக்ரோலிலும் பெயர் இல்லாதவர்கள். ஜாசினிலோ அலோர் காஜாவிலோ தம் வீட்டு அறையில் அமர்ந்தபடியே சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்குக் கட்டட வரைபடம் தீட்டுகிறார்கள். ஆஸ்திரேலியக் கடை ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறார்கள். முகம் பார்த்தறியாத ஒருவருக்குக் கணினி நிரல் எழுதி அனுப்பி, டாலரில் கூலி பெறுகிறார்கள். அக்காலத்தில் கடல் கடந்து ஒப்பந்தம் பேசியவன் பெரும்பாலும் கங்காணியே. அவனும் உரிமச் சீட்டோடும் முதலாளி கொடுத்த முன்பணத்தோடும் தன் ஊருக்குப் போய், ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று தரகு பெற்றவன். அந்த ஏற்பாடும் 1938இல் இந்திய சர்க்கார் விதித்த தடையோடு முடிந்தது. இன்றைய இளைஞனோ தானே கங்காணி, தானே கிராணி, தானே தொழிலாளி. இந்தச் சுதந்திரம் மகத்தானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கிராணியார் செய்த வேலையை இனி அவனேதான் செய்தாக வேண்டும் என்பதை நம் குடும்பங்களில் யாரும் அவனுக்குச் சொல்லித் தருவதில்லை என்பதே என் கவலை.

முதலில், எங்கும் பரவியிருக்கும் ஒரு தவறான அபிப்பிராயத்தைக் களைய வேண்டும். பணம் வெளிநாட்டிலிருந்து வருவதால் அது வெளிநாட்டு வருமானம் என்றும், அதற்கு இங்கே வரியில்லை என்றும் படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தைத் தனிமனிதர் இந்நாட்டுக்குக் கொண்டுவரும்போது, சில நிபந்தனைகளோடு, 2036ஆம் ஆண்டு முடிய வரிவிலக்கு உண்டு என்ற செய்தி இந்த மயக்கத்தை இன்னும் வளர்த்துவிட்டது. ஆனால் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் கேட்பது, பணம் எங்கிருந்து வந்தது என்பதையல்ல. தொழில் எங்கே நடந்தது என்பதைத்தான். மலேசியாவுக்கு வெளியே நடந்த தொழிலுக்கு உரியதென்று காட்ட முடியாத வருமானம் முழுவதும் மலேசியாவில் ஈட்டியதாகவே கொள்ளப்படும். எனவே மெர்லிமாவ் வீட்டில் இருந்து செய்த வேலைக்குச் சிட்னியிலிருந்து வந்த பணமானாலும், அது மெர்லிமாவில் சம்பாதித்த பணமே. எந்த வங்கியில் வந்து விழுந்தாலும் அந்த உண்மை மாறாது.

சிங்கப்பூருக்கு நேரில் சென்று, அங்கேயே இருந்து தொழில் செய்து திரும்புகிறவரின் நிலை வேறு. உரிய வேலை அனுமதி இல்லாமல் அங்கே கூலிக்கு உழைப்பது குற்றம் என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். அங்கே வசிப்பவராகக் கருதப்படாத சுயதொழில் நிபுணருக்குப் பணம் கொடுப்பவர், பொதுவாக மொத்தத் தொகையில் 15 சதவிகிதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார். செலவு போக மிஞ்சிய தொகைக்கு 24 சதவிகிதம் என்ற வழியையும் விரும்பினால் தேர்ந்துகொள்ளலாம். இரு நாடுகளும் ஒரே வருமானத்தின்மீது வரி கேட்காதிருக்க 2004இல் கையெழுத்தான ஒப்பந்தம் ஒன்று உண்டு. அதன் சலுகையை நாடுகிறவர் நம் வருமான வரி வாரியத்திடம் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும். பிடித்த வரிக்கான ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும்.

அடுத்ததாக எழும் கேள்வி, கம்பெனி தொடங்க வேண்டுமா என்பது. 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் வந்தபின், ஒரே ஆள் தானே பங்குதாரராகவும் தானே இயக்குநராகவும் இருந்து ஒரு சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி, அமைக்க முடிகிறது. பதிவுக் கட்டணம் 1,000 ரிங்கிட். பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு சொற்கள் சேர்ந்துவிட்டால் கௌரவம் கூடுகிறது என்று எண்ணி, முதல் வாடிக்கையாளர் கிடைத்த கையோடு கம்பெனி பதிந்துவிடுகிறவர்கள் உண்டு. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். செலவும் கழிவும் போக வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 60,000 ரிங்கிட் என்றால், தனிமனிதர் கட்ட வேண்டியது 2,600 ரிங்கிட். சிறு நிறுவனத்துக்குரிய 15 சதவிகிதத்தில் கம்பெனி கட்ட வேண்டியதோ 9,000. அதுவே 1,50,000 ரிங்கிட்டாக உயர்ந்தால், தனிமனிதருக்கு 21,900, கம்பெனிக்கு 22,500. ஆக, தராசு ஏறக்குறைய சமமாக நிற்பதே அந்த உயரத்தில்தான். இயக்குநர் தமக்குத் தாமே சம்பளம் எழுதிக்கொண்டு கம்பெனியின் லாபத்தைக் குறைக்கலாம் என்பது மெய்யே. ஆனால் பதிவான 30 நாளுக்குள் நியமிக்க வேண்டிய செயலாளருக்கான கட்டணம், ஆண்டறிக்கை, கணக்காளர் ஊதியம் ஆகியவை லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுதோறும் வாசலில் வந்து நிற்கும். பெரிய நஷ்டஈட்டுப் பொறுப்பு வரக்கூடிய தொழிலானாலும், கம்பெனியோடுதான் ஒப்பந்தம் செய்வோம் என்று அயல்நாட்டார் பிடிவாதம் பிடித்தாலும் விஷயம் வேறு. மற்றவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை என்பதே என் முடிவு.

அவர்களுக்குப் போதுமானது 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின் கீழ் செய்யும் எளிய பதிவு. சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வேறு வணிகப் பெயரில் என்றால் 60. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் செய்துவிட வேண்டும். செய்யாதவருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சம்பளக்காரர் நிரப்பும் பிஇ பாரம் சுயதொழில் செய்பவருக்கு உரியதல்ல. வணிக வருமானத்துக்கு உரியது பி பாரம், கடைசி நாள் ஜூன் 30. பின்னர் வாரியம் சிபி500 என்ற கடிதத்தை அனுப்பினால், இரண்டு மாதத்துக்கு ஒரு தவணையாக ஆண்டில் ஆறு முறை முன்கூட்டியே கட்டி வர வேண்டும். இக்கடிதத்தைப் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் போட்டு வைத்துப் பின்னர் அபராதத்தோடு அவதிப்படுவது வேண்டாத துன்பம்.

எல்லாவற்றையும்விட என் மனத்தை உறுத்துவது முதுமையும் விபத்தும் பற்றிய அலட்சியம். தோட்டத்துப் பாட்டனுக்குச் சேமநிதி இருந்தது. டாலரில் சம்பாதிக்கும் பேரனுக்கு இல்லை என்ற நிலை வரலாமா? சுயதொழில் செய்வோரும் சேமநிதியில் தாமாகவே பணம் போடலாம். ஐ-சாரான் திட்டத்தில் சேர்ந்தால் அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது. விபத்துக்கோ, 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காப்பு உண்டு; அதில் மிகக் குறைந்த திட்டத்துக்கு ஆண்டுச் சந்தா 157 ரிங்கிட் 20 சென் மட்டுமே.

ஆகவே, பெற்றோரே, வீட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரவெல்லாம் உழைக்கும் உங்கள் பிள்ளையிடம் இன்று மாலையே கேளுங்கள்: தொழில் பதிவாகியிருக்கிறதா, வந்த பணத்துக்கும் போன செலவுக்கும் தனி வங்கிக் கணக்கு உண்டா, ரசீதுகள் எங்கே என்று. அந்த ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.